எது நல்ல கள்? ஒரு பிளாவைச் சுற்றிய சண்டைகளும் அவற்றில் பேசப்படாத ஒருவரும்

யாழ்ப்பாணத்துக்காரர் இரண்டு பேர் கள்ளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் மூன்று கருத்துகள் வரும். விடியக் கள்தான் கள் என்பார் ஒருவர். பின்னேரக் கள்ளில்தான் 'சாமான்' இருக்கிறது என்பார் மற்றவர். ஒரு மரத்துக் கள்ளைத் தவிர வேறெதையும் வாயில் வைக்க முடியாது என்பார் பக்கத்தில் நிற்பவர். இதற்கிடையில், ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ விடுமுறைக்கு வந்தவர் ஒருவர், அந்தக் காலத்துக் கள் இப்போது இல்லை என்று தீர்ப்பே சொல்லிவிடுவார்.

நான் ஒரு சீவல் தொழிலாளியின் பேரன். அப்பாவின் அப்பாவை நாங்கள் 'அப்பு' என்றுதான் கூப்பிடுவோம். அப்பு வலிகாமம் வடக்கில் பனை ஏறியவர். நான் எப்போதாவது குடிப்பவன். எனக்குப் பிடித்தது பனங்கள், அதுவும் மாசி மாதத்தில், மரத்தில் இருந்து இறக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள். அதனால் இந்தச் சண்டைகளில் எனக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆனால் இங்கே என் பக்கத்தைச் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு சண்டையின் போதும் முட்டிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று சொல்லவும், எல்லாரும் பேசாமல் விடுகிற ஒன்றைப் பேசவும்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சண்டை: கருப்பணியா, கள்ளா?

கருப்பணி வேறு மரத்தில் இருந்து வருகிறது, கள் வேறு மரத்தில் இருந்து வருகிறது என்று நினைக்கும் பிள்ளைகளை நகரத்தில் கண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே பாளையில் ஊறும் ஒரே சாறு. வித்தியாசம் முட்டிக்குள் பூசும் சுண்ணாம்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பதநீர் என்பதும் இந்தக் கருப்பணியைத்தான்.

பாளையைச் சீவியதும் துளித்துளியாக விழும் சாற்றில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு சீனி. காற்றிலும் பாளையின் மேலும் பழைய முட்டியின் அடியிலும் நொதியங்கள் இருக்கின்றன. அவை இந்தச் சீனியைத் தின்று அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுகின்றன. கள்ளின் மேல் நிற்கும் நுரை அந்த வாயுதான். சுண்ணாம்பு பூசிய முட்டியில் சாறு காரத்தன்மை அடைவதால் நொதியங்கள் வேலை செய்ய முடியாமல் போகின்றன. சீனி சீனியாகவே இருக்கிறது. அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. இன்னும் பக்குவமாகப் படிய விட்டால் கல்லாக்காரம்.

சுண்ணாம்பு குறைந்தால் கருப்பணி வீட்டுக்கு வந்து சேருமுன் கள்ளாகிவிடும். கூடினால் நாக்கில் காரும், பனங்கட்டியும் சரிவராது. எவ்வளவு பூச வேண்டும் என்று அப்புவிடம் கேட்டால், "முட்டி வெள்ளையாத் தெரியோணும், வெள்ளையா ஒட்டக்கூடாது" என்பார். இதை எந்த அளவுக் கரண்டியாலும் அளக்க முடியாது. கைக்கு மட்டும் தெரிந்த கணக்கு அது.

எங்கள் வீட்டில் பெண்கள் எப்போதும் கருப்பணியின் பக்கம். காரணம் ஒழுக்கம் பற்றிய பிரசங்கமல்ல. கள் விற்ற காசு தவறணை வாசலில் பாதி கரைந்துவிடும். பனங்கட்டி குட்டானில் கட்டி அடுக்கி வைக்கக்கூடியது, மாரிக்கு உதவும். பொருளாதாரத் தடை இருந்த 1990களில் சீனி கிடைக்காதபோது, வெறும் தேத்தண்ணியை ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த தலைமுறைக்கு அந்தப் பக்கத்தின் நியாயம் விளங்கும்.

இரண்டாவது சண்டை: விடியவா, பின்னேரமா?

இந்தச் சண்டையில் இரு பக்கமும் சரி. ஏனென்றால் இரண்டு பேரும் இரண்டு வேறு குடிவகைகளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

சீவல் தொழிலாளி ஒரு மரத்தில் நாளுக்கு இரண்டு தடவை ஏறுவார். பின்னேரம் கட்டும் முட்டியில் சாறு இரவு முழுக்க ஊறுகிறது. இரவு குளிர்ச்சியானது, நொதியங்கள் மெதுவாகவே வேலை செய்யும். ஆகவே விடிய இறக்கும் கள்ளில் இனிப்பு மிஞ்சியிருக்கும். விடியக் கட்டும் முட்டி பகல் வெயிலில் தொங்குகிறது. சூட்டில் நொதித்தல் விரைவாகும், இனிப்புக் குறைந்து வெறி கூடும். பின்னேரக் கள்ளில் 'சாமான்' இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முட்டியும் இதில் ஒரு பங்காளி. நன்றாகக் கழுவிப் புகை காட்டிய முட்டியில் நொதித்தல் பிந்தித் தொடங்கும். பழைய மண்டி ஒட்டிய முட்டியில், சாறு விழ விழவே தொடங்கிவிடும். தயிருக்கு உறை ஊற்றுவது போல, நேற்றைய கள் இன்றைய கள்ளுக்கு உறை.

இறக்கிய பிறகும் கடிகாரம் நிற்பதில்லை. சில மணித்தியாலத்தில் அற்ககோல் நூற்றுக்கு நான்கு, ஐந்து என்று ஏறும். ஒரு நாள் தாண்டினால் வேறு பற்றீரியாக்கள் அந்த அற்ககோலைப் புளிக்காடியாக மாற்றத் தொடங்கும். அதைப் பனம் வினாகிரியாக எடுத்துக்கொள்ளலாம், கள்ளாகக் குடிக்க முடியாது. ஆகவே 'நல்ல கள்' என்பது ஒரு பொருள் என்பதைவிட ஒரு நேரம் என்று சொல்வதே பொருத்தம். உடன்கள் கேட்பவர் அந்த நேரத்தின் முன்பக்கத்தில் நிற்கிறார், புளித்த கள் கேட்பவர் பின்பக்கத்தில் நிற்கிறார்.

போத்தல் கள்ளில் இந்தக் கடிகாரத்தைச் சூடாக்கி நிறுத்திவிடுகிறார்கள். நொதியங்கள் செத்துப்போவதால் மாதக்கணக்கில் கெடாது, கப்பலில் போகும். வெளிநாட்டுக் கடையில் அதை வாங்கிக் குடித்துவிட்டு, ஊர்க் கள் போல இல்லை என்று குறைப்படுபவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது. உயிரோடு கொதிக்கும் ஒன்றை நிறுத்தினால்தான் அது பயணம் போகும்.

மூன்றாவது சண்டை: ஆண்பனையா, பெண்பனையா?

பெண்பனைக் கள் இனிப்பு, ஆண்பனைக் கள் காரம் என்று ஒரு கட்சி. இல்லை, ஆண்பனைதான் மணம் என்று இன்னொரு கட்சி. பெண்பனையில் சாறு கூட ஊறும் என்பது அப்புவின் அனுபவம். சுவையில் அவர் பெரிய வித்தியாசம் சொன்னதில்லை. அவருக்கு ஆண், பெண் என்பதைவிட மண்தான் முக்கியம். செம்பாட்டு மண் மரம், கடற்கரை மணல் மரம் என்றுதான் பிரிப்பார்.

இந்தச் சண்டையில் குடிப்பவர்கள் மறந்துவிடும் ஒரு கணக்கு உண்டு. ஆண்பனையில் நுங்கு இல்லை. அதைச் சீவினால் வேறொன்றும் குறையாது. பெண்பனையின் பாளையைச் சீவினால் அந்த வருடம் அந்தப் பாளையில் நுங்கு இல்லை. நுங்கு இல்லாவிட்டால் பனம்பழம் இல்லை, பனாட்டு இல்லை, பாத்தி போட விதை இல்லை, கிழங்கும் ஒடியலும் இல்லை. ஒடியற்கூழ் குடித்து வளர்ந்த வீட்டில், எந்தப் பெண்பனையைச் சீவுவது, எதைக் காய்க்க விடுவது என்பது குடும்பமாக இருந்து எடுக்கும் முடிவு. முட்டியில் ஊறும் ஒவ்வொரு போத்தலுக்கும் பின்னால் ஒரு கடகம் பனம்பழம் விட்டுக்கொடுக்கப்பட்டிருக்கலாம்.

நான்காவது சண்டை: போத்தலுக்குள் இருப்பது என்ன?

கள்ளைக் காய்ச்சி வடித்தால் சாராயம். அற்ககோல் ஏறத்தாழ 78 பாகையில் கொதிக்கும், தண்ணீர் 100 பாகையில். அந்த இடைவெளியில்தான் வடிசாலையின் தொழில் முழுவதும் இருக்கிறது. தென்னிலங்கையில் தென்னங்கள்ளில் இருந்து வடிக்கிறார்கள். வடக்கில் பனங்கள்ளில் இருந்து வடிப்பதற்கு வடமராட்சியில் திக்கம் வடிசாலை இருந்தது. அது பல வருடங்கள் இயங்காமல் கிடந்ததும், அதை மீள இயக்குவது பற்றிய வாக்குவாதங்களும் வாசகர்களுக்குத் தெரிந்த செய்திதான்.

சாராயத்தைப் பற்றிய சண்டை, அது 'சுத்தமா, கலப்பா' என்பது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல வகைகளில், தென்னஞ்சாராயம் ஒரு பங்குதான். மிச்சம் கரும்புப் பாகு போன்றவற்றில் இருந்து வடித்த வெறும் மதுசாரம். வயது போனவர்கள், சாராயத்தின் மணம் போய்விட்டது என்று சொல்வதில் கற்பனை மட்டும் இல்லை.

இதைவிட ஆபத்தான இடம் கசிப்பு. சீனியையும் ஈஸ்ற்றையும் கரைத்து, கைக்குக் கிடைத்த பரலில் ஒளித்துக் காய்ச்சுவது அது. அதில் பனையும் இல்லை, தென்னையும் இல்லை. துருப்பிடித்த பாத்திரமும், கணக்கில்லாத வலுவும் ஒரு பக்கம் இருக்க, தொழிற்சாலை ஸ்பிரிட்டைக் கலந்தால் அதில் உள்ள மெதனோல் கண்பார்வையைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வரி ஏற, சாராயத்தின் விலையும் ஏறியது. கூலிவேலை செய்பவர் ஒருவர் போத்தல் வாங்க முடியாத நிலையில் எந்தப் பக்கம் திரும்புவார் என்பதை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கள்ளிலும் கலப்படம் இருக்கிறது. தண்ணீரும் சீனியும் சேர்த்துப் பெருக்குவது பழைய தந்திரம். பருவம் முடிந்து மாரி தொடங்கிய பிறகும் 'பனங்கள்' ஏராளமாக ஓடினால், அது எந்தப் பனையில் ஊறியது என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

வெளியூரிலும் இதே சண்டைதான்

இப்படி வாதாடுவது எங்கள் சனத்தின் தனிக்குணம் என்று நினைக்க வேண்டாம். மேற்கு நாடுகளின் மதுச்சாலைகளில் கொக்டெயில் என்ற கலவைக் குடிவகைகளைச் சுற்றி நடக்கும் சண்டைகள் நூறு வருடத்துக்கு மேலானவை. மார்ட்டினி என்றால் ஜின்னும் வேர்மூத் என்ற மூலிகை வைனும். எதை எவ்வளவு, கரண்டியால் கலக்குவதா, குலுக்குவதா என்பதில் இன்றுவரை சமாதானம் இல்லை. 'ஓல்ட் பஷன்ட்' என்ற விஸ்கிக் கலவையில் தோடம்பழமும் செரிப்பழமும் நசித்துப் போடுவது பாவம் என்று ஒரு கூட்டம் சொல்லும். 1806இல் நியூயோர்க் மாநிலத்துப் பத்திரிகை ஒன்று கொக்டெயில் என்றால் என்ன என்று ஒரு வாசகருக்கு விளக்கியது. அந்த விளக்கத்தில் மதுசாரம், சீனி, தண்ணீர், கசப்பு மருந்து என்ற நான்கும்தான் இருந்தன. பழம் இல்லை. அதைக் காட்டித்தான் அந்தக் கூட்டம் வாதாடுகிறது.

கொக்டெயிலுக்கும் முந்தியது 'பஞ்ச்'. 17ஆம் நூற்றாண்டில் ஆசியாவுக்கு வந்த ஆங்கில வணிகர்களும் மாலுமிகளும் பிரபலமாக்கிய குடிவகை அது. மதுசாரம், எலுமிச்சம்புளி, சீனி, தண்ணீர், வாசனைப்பொருள் என்று ஐந்து சேர்வதால், ஐந்து என்ற இந்தியச் சொல்லில் இருந்து அந்தப் பெயர் வந்தது என்று பலர் சொல்வார்கள். அதை மறுப்பவர்களும் உண்டு. அதில் ஊற்றப்பட்ட மதுசாரம் பெரும்பாலும் 'அரக்'. வியர்வையைக் குறிக்கும் அரபுச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. வடிகலத்தில் துளித்துளியாக வியர்ப்பதால் அப்படி. சிங்களத்தில் இன்றும் சாராயத்துக்கு அரக்கு என்றுதான் பெயர். எந்த அரக் சரி என்பது இங்கே சண்டை. கோவாவிலும் இலங்கையிலும் வடித்த கள்ளுச் சாராயமா, ஜாவாவில் கரும்புப் பாகையும் அரிசியையும் கொண்டு வடித்ததா? 1862இல் அமெரிக்காவில் ஜெரி தோமஸ் என்பவர் வெளியிட்ட கலவைக் குடிவகைகளின் கைநூலிலும் அரக் பஞ்ச் இடம்பிடித்திருக்கிறது.

இந்தச் செய்முறைகளைப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறைத்தது. எலுமிச்சைக்கு அளவு இருக்கிறது, சீனிக்கு அளவு இருக்கிறது, சாதிக்காய்க்குக்கூட ஒரு சிட்டிகை இருக்கிறது. மரத்தில் ஏறியவருக்கு ஒரு வரி இல்லை.

எங்களுக்கு அதிகம் பொருள்படும் சண்டை தென்னமெரிக்காவில் நடக்கிறது. பிஸ்கோ என்பது திராட்சையில் வடிக்கும் சாராயம். அது எங்களுடையது என்று பெரு சொல்கிறது, எங்களுடையது என்று சிலியும் சொல்கிறது. 1879இல் தொடங்கிய பசுபிக் போரில் சிலி வென்றது. 1881 முதல் 1883 வரை பெருவின் தலைநகர் லீமா சிலி இராணுவத்தின் பிடியில் இருந்தது. பெரு நிலத்தையும் இழந்தது. போர் முடிந்து தலைமுறைகள் போயும் ஒரு கிளாசுக்குள் வாதம் தொடர்கிறது. பிஸ்கோ என்ற துறைமுக நகரம் பெருவில் இருக்கிறது. சிலியோ 1931இலேயே அந்தப் பெயரைச் சட்டத்தால் காத்துக்கொண்டது. 1936இல் தன் ஊர் ஒன்றுக்குப் பிஸ்கோ எல்கி என்று பெயரும் மாற்றியது. பெரு 1990இல் தன் பக்கச் சட்டத்தைச் செய்தது. 'பிஸ்கோ சவர்' என்ற கலவையில், பெருக்காரர் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து நுரை எழுப்பி, மேலே கசப்பு மருந்து சில துளி விடுவார்கள். சிலிக்காரர் பெரும்பாலும் இரண்டையும் விட்டுவிடுவார்கள்.

வேடிக்கையாகத் தோன்றும் இந்தச் சண்டையால் ஒரு பயன் கிடைத்திருக்கிறது. எந்தப் பிரதேசத்துத் திராட்சை, எப்படி வடிக்க வேண்டும், எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது எழுத்தில் வந்தது. பெருவில் வடித்த பிறகு தண்ணீர் சேர்க்கக்கூடாது, குறைந்தது மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும். அந்த எழுத்து திராட்சைத் தோட்டக்காரருக்கும் வடிப்பவருக்கும் ஒரு பிடிமானம். எங்கள் சண்டை தவறணை வாசலோடு முடிந்துவிடுகிறது. அப்படி முடிவதால், போரில் நாங்கள் எதை இழந்தோம் என்பதும் சரியாகத் தெரியவில்லை.

போர் செய்முறையை என்ன செய்தது?

போரில் பனைகள் அழிந்ததை எல்லாரும் அறிவோம். பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனங்குற்றி போனது. செல் விழுந்து வட்டு முறிந்த மொட்டைப் பனைகள் வருடக்கணக்கில் வீதியோரம் நின்றன. பனைக்கு வட்டுப் போனால் மரமே போச்சு. விதை போட்ட பனை பாளை தள்ள ஏறத்தாழ 15 வருடம் ஆகும். போர் முடிந்த கையோடு நட்ட பனைகள் இப்போதுதான் சீவும் வயதுக்கு வருகின்றன.

மரத்தின் கணக்கை எண்ணலாம். எண்ண முடியாத இன்னொன்று இருக்கிறது. பாளையை விடியவும் பின்னேரமும் மெல்லிய சீவலாகச் சீவினால்தான் சாறு ஊறும். இரண்டு, மூன்று நாள் சீவாமல் விட்டால் வெட்டுமுகம் காய்ந்து அடைத்துவிடும். அந்தப் பாளை அந்த வருடத்துக்கு முடிந்தது. ஆகவே ஊரடங்குச் சட்டம் சீவல் தொழிலாளிக்கு வேறு எவரையும்விடக் கடுமையானது. அவருடைய வேலைநேரம் விடியப்புறமும் பொழுதுபடும் நேரமும். ஊரடங்கு போடுவதும் அந்த நேரங்களில்தான். ஹெலிகொப்டர் சுற்றும் வானத்தின் கீழே, பனை உச்சியில் கத்தியோடு இருக்கும் மனிதர் யார் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

1990 யூனில் வலிகாமம் வடக்கில் இருந்து சனம் வெளிக்கிட்டபோது அது சீவல் பருவம். அப்பு கட்டிய முட்டிகள் மரத்திலேயே நின்றன. அந்தக் காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அவர் முகாமில் கிடந்து, பிறகு இன்னொரு ஊரில் இன்னொருவரின் மரத்தைக் குத்தகைக்கு எடுத்து ஏறினார். அந்த மரங்களின் குணம் பிடிபட அவருக்கு இரண்டு பருவம் எடுத்தது. எந்த மரம் எந்தப் பக்கம் சாயும், எந்தப் பாளை முந்தும் என்பது மரத்தோடு பழகினால் மட்டுமே தெரியும். இடம்பெயரும்போது கத்தியையும் தளநாரையும் தூக்கிக்கொண்டு போகலாம். அந்தப் பழக்கத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

வன்னியில் 2009 தை முதல் வைகாசி வரை என்ன நடந்தது என்பதை இங்கே விரித்து எழுத மாட்டேன். அதுவும் சீவல் பருவம் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். அந்தக் கரையில் பனை ஏறியவர்களில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று ஒரு கணக்காவது எடுக்கப்பட வேண்டும். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றப்படும்வரை, பாளை தள்ளிய பனைகள் கண்ணுக்கு முன்னால் நின்றும் அடியில் கால் வைக்க முடியாத நிலை இருந்தது.

குடியின் மறுபக்கம்

இவ்வளவும் எழுதிவிட்டுக் குடியின் மறுபக்கத்தைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது. போருக்குப் பிறகு எங்கள் ஊர்களில் குடி ஒரு நோயாகப் பரவியிருக்கிறது. இழப்பையும் நித்திரையின்மையையும் போத்தலால் மூடப் பார்த்தவர்கள் பலர். அந்தச் செலவை அடுப்படியில் தாங்கியவர்கள் பெண்களும் பிள்ளைகளும். எங்கள் வீட்டிலும் அப்படி அழுதவர்கள் இருக்கிறார்கள்.

கள் உடம்புக்கு நல்லது, அது குடியில் சேராது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. ஈரல் கள்ளின் அற்ககோலையும் விஸ்கியின் அற்ககோலையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. அளவுதான் வித்தியாசம். ஒரே அளவான இரண்டு போத்தலை எடுத்தால், கள்ளைவிடச் சாராயத்தில் ஆறு, ஏழு மடங்கு அற்ககோல் இருக்கும். மூன்று போத்தல் கள் குடித்தால் அந்த வித்தியாசத்தில் பாதி போய்விடும். கர்ப்பிணிகளுக்கும், நித்திரைக் குளிசையும் மனநோய்க்கான மருந்தும் எடுப்பவர்களுக்கும் கள்ளும் கூடாது. விட முடியாமல் தவிப்பவருக்கு ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவில் உதவி இருக்கிறது. அங்கே போவது வெட்கமில்லை. நெடுங்காலம் கடுமையாகக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பும் வரலாம். ஆகவே வைத்தியரின் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பு.

ஆனால் குடியை எதிர்ப்பது ஒன்று, சீவுபவரை இழிவாகப் பார்ப்பது வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்த சமூகம் எங்களுடையது. அப்பு இறக்கிய கள் வேண்டியிருந்தது, அப்பு வாசலுக்கு உள்ளே வருவது வேண்டியிருக்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் மற்றவர்களுக்குக் கிளாசும் அவருக்குத் தனிப் போத்தலும் கிடைத்த காலத்தை அவர் கண்டவர். மாவிட்டபுரத்தில் 1968இல் கோயில் வாசலைத் திறக்கச் சொல்லிச் சனம் நின்றது இந்த அவமானத்தின் தொடர்ச்சியில்தான். பனையோலைப் பிளாவை எங்கள் பண்பாட்டின் அழகு என்று இன்று படம் எடுத்துப் போடுகிறோம். ஒரு தடவை குடித்துவிட்டு எறிந்துவிடக்கூடிய பாத்திரம் யாருக்கு வசதியாக இருந்தது என்பதையும் அந்தப் படத்தோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

ஏறுபவர் யார்?

அப்பு நாளுக்கு 12 மரம் ஏறினார், ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை. ஒரு பனை 50 அடி என்று வைத்தால், நாளுக்கு 1200 அடி ஏற்றம், 1200 அடி இறக்கம். விழுந்தால் இடுப்பு, அல்லது உயிர். தன் பிள்ளைகளில் ஒருவரையும் அவர் மரம் ஏற விடவில்லை. என் அப்பா கத்தியைத் தொட்டதற்கு அடி வாங்கியவர். அதனால்தான் அப்பா படித்தார், அதனால்தான் நான் இதை எழுதுகிறேன், அதனால்தான் அப்புவின் கைக்கணக்கு அவரோடு போய்விட்டது. இதில் எது இலாபம், எது நட்டம் என்று என்னால் எளிதாகச் சொல்ல முடியவில்லை.

ஆகவே, இளைஞர்கள் பாரம்பரியத் தொழிலுக்குத் திரும்ப வேண்டும் என்று எழுத எனக்கு மனம் வராது. எங்கள் நாக்குக்குச் சுவை வேண்டும் என்பதற்காக இன்னொருவரின் பிள்ளையை மரத்தில் ஏறச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. நல்ல கள் வேண்டும் என்பவர்கள் அதற்குரிய கேள்விகளைக் கேட்க வேண்டும். விழுந்தால் காப்புறுதி இருக்கிறதா? பாதுகாப்புப் பட்டியும் ஏறும் கருவியும் கிடைக்கின்றனவா? தவறணையில் ஒரு போத்தலுக்குக் கொடுக்கும் காசில் எவ்வளவு சீவியவருக்குப் போகிறது? பருவம் இல்லாத மாதங்களில் அந்த வீடு எதைச் சாப்பிடுகிறது? இந்தக் கேள்விகளைக் கூட்டுறவுச் சங்கங்களிடமும் பனை அபிவிருத்திச் சபையிடமும் கேட்கலாம். ஊருக்குக் காசு அனுப்பும் வெளிநாட்டு ஊர்ச் சங்கங்கள் கோயில் கோபுரத்துக்கு அடுத்ததாக இதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

இன்னொரு வேலையை இன்றே செய்யலாம். உங்கள் ஊரில் வயதான சீவல் தொழிலாளி ஒருவர் உயிரோடு இருந்தால், அவர் சொல்வதைத் தொலைபேசியிலாவது பதிவு செய்து வையுங்கள். சுண்ணாம்பு எவ்வளவு, பாளையை எப்போது கட்டுவது, எந்த நாளில் முதற்சீவல், எந்த மண்ணில் எந்தச் சுவை என்று கேளுங்கள். அவர் சொல்வதும் அடுத்த ஊரில் இன்னொருவர் சொல்வதும் ஒத்துப்போகாது. அந்த முரண்பாட்டை அப்படியே எழுதுங்கள், அவர்களின் பெயரோடு எழுதுங்கள். விடியக் கள்ளா, பின்னேரக் கள்ளா என்று எங்கள் பேரப்பிள்ளைகளும் சண்டை பிடிக்க வேண்டுமானால், அவர்களுக்கு ஒரு முட்டி கள்ளும், அதை இறக்கியவரின் பெயரும் மிஞ்சியிருக்க வேண்டும்.